மந்திரிக்கு முறைக்காரன்

"பதவி போனதுக்கெல்லாமா பட்டினி கிடப்பாங்க? குரங்கு தின்னிக்கு அவ்வளவு ரோஷமா?"

வாசலில் நின்றபடி ஜேரே கேட்டதும், சோபாவில் சுருண்டு கிடந்த சைமன் தலையைத் தூக்கினார். நேற்று மதியம் வரை அவர் சுற்றுச்சூழல், சுற்றுலாத் துறை மந்திரி. பதவி பறிபோனதையே வானொலிச் செய்தியில்தான் கேட்டார். கொடி கட்டிய கார் சாயங்காலமே போய்விட்டது. நாள் தவறாமல் வந்து குழைந்தவர்களும் அதோடு போய்விட்டார்கள். அப்போதிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை. மனைவி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோய், வாசலுக்கு வந்த ஜேரேயிடம் முதலில் அதைத்தான் சொன்னாள்.

"வாடா, எலி தின்னி. நீயாவது வந்தியே."

"ஆறுதல் சொல்லவா வந்தேன்? திட்ட வந்தேன். இனிமே உனக்குப் போலீஸ் காவல்கூடக் கிடையாது."

பெம்பா இனத்தாரும் ங்கோனி இனத்தாரும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள். இப்போது மாமன் மச்சான் மாதிரி கேலி முறை. பெம்பாக்காரன் குரங்கு தின்னி, ங்கோனிக்காரன் எலி தின்னி; என்ன திட்டினாலும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள்.

அந்த முறைதான் ஜேரேயைக் காப்பாற்றியது. சில வருடங்களுக்கு முன், யானைக் காட்டை ஒட்டிய அவன் ஊர்ப்பக்கமான லுவாங்வாவில் நடந்த கூட்டத்தில், "வெள்ளைக்காரனுக்கு யானையைக் காட்டுறே, யானைக்கு எங்க வயலைக் காட்டுறே. நீயெல்லாம் ஒரு மந்திரியா?" என்று அவன் கத்தினான். போலீஸ் விலங்கு மாட்டிவிட்டது.

"உன் பேரென்ன?" என்றார் மந்திரி சைமன்.

"ஜேரே."

"அப்ப நீ ங்கோனி. நான் பெம்பா. மச்சான் திட்டினா விலங்கு போடுவாங்களா? அவிழ்த்து விடுங்கய்யா."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விலங்கை அவிழ்த்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பக்கம் எந்தக் கூட்டமானாலும் ஜேரே முன்வரிசை. "எல்லாம் நல்லா நடக்குதுங்க ஐயா" என்று அதிகாரிகள் சொன்னால், "பச்சைப் பொய்" என்று எழுந்து நிற்பான். அவன் திட்டித் திட்டித்தான் வயல்களைச் சுற்றி மிளகாய் பூசிய கயிற்று வேலி வந்தது. யானைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு காட்டுக்குத் திரும்பின.

ஜேரே இப்போது கொண்டுவந்திருந்த மக்காச்சோள மாவில் மனைவி களி கிண்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

"உன் யானை விட்டுவச்ச சோளம்தான். தின்னு. வேலி போட்டவன் நீ. உன் வாய்க்குள்ள போகாத சோளம் எனக்கு மட்டும் எப்படிச் செரிக்கும்?" என்றான் ஜேரே.

சைமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்.

ஜேரேயை வழியனுப்ப மனைவி கேட் வரை வந்தாள்.

"அறுவடை முடிஞ்சதும் திரும்ப வரேன் அக்கா. திட்டினாத்தான் இந்தப் பெம்பாக்காரன் வழிக்கு வரான்."

"யாரு தம்பி பெம்பாக்காரர்? நாங்க ரெண்டு பேரும் லோஸி இனம். எங்களுக்கும் உங்க ங்கோனிக்காரங்களுக்கும் ஒரு முறையும் கிடையாது."

ஜேரே தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அன்னைக்கு..."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா சொன்னார்: 'உண்மை பேசுற ஒருத்தன் கிடைச்சான். ஜெயிலுக்கு அனுப்ப மனசில்லை, ஒரு பொய்யைச் சொல்லி மச்சானாக்கிட்டேன்.'"