பஸ் கம்பெனி மாப்பிள்ளை

“பஸ் லேட்டாப் போச்சு மாமா. ரொம்ப நேரமா காத்துகினு இருந்தீங்களா?” என்று தர்மராஜ் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே சுப்பிரமணி வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் மாமா!

பையனுக்குச் சொந்த ஊர் கேளம்பாக்கம். இங்கிலாந்தில் லீட்ஸ் என்கிற ஊரில் பஸ் கம்பெனி மெக்கானிக். லீவில் வந்தவன் அம்மா சந்திரம்மாவை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் சீமை மாப்பிள்ளை என்றால் சும்மாவா?

வாத்தியார் மகள் வரலட்சுமியை இதற்கு முன் பார்த்துவிட்டுப் போன இரண்டு இடமும் பதிலே சொல்லவில்லை. பெண்ணிடம் என்ன குறையோ என்று தெருவே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. இவர்களும் வேண்டாம் என்று போய்விட்டால் அப்புறம் எவனும் இந்தப் படி ஏறமாட்டான் என்று வாத்தியாரின் மனைவி பார்வதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெண்ணிடம் தனியாகப் பேசவேண்டும் என்றான் தர்மராஜ். வேறு எவனாவது கேட்டிருந்தால் வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார். வெளிநாட்டுப் பழக்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருவரையும் கொல்லைக் கிணற்றடிக்கு அனுப்பினார்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் வாத்தியாருக்கு நாக்கு அரித்தது. செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்தில் தலை நரைக்க நரைக்க இங்கிலீஷ் நடத்துகிறவர். ரேடியோவில் லண்டன் செய்தியைக் கேட்டுக் கேட்டு உச்சரிப்பைத் தீட்டிக்கொண்டவர். சீமையிலிருந்து வந்தவனோடு இங்கிலீஷில் பேசாமல் விடுவாரா?

“வாட் டூ யூ ரிப்பேர் தேர்?” என்றார்.

“புஸ்” என்றான் தர்மராஜ்.

“இன்னாது?”

“புஸ் மாமா. டபுள் டெக்கர் புஸ்.”

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார். “பஸ்ஸுன்னு சொல்லுங்க மாப்ளே. நல்லா வாயைத் தொறந்து... பஸ்.”

“எங்க லீட்ஸ்ல புஸ்ஸுதான் மாமா. வெள்ளக்காரனே அப்டித்தான் சொல்றான். கப்புன்னு சொன்னா சிரிப்பான், குப்புன்னுதான் சொல்லணும்.”

“லண்டன்ல பஸ்ஸுன்றானே!”

“லண்டன்காரனுக்கு இன்னா தெரியும்? அவனைக் கேட்டு நீங்களும் தப்பாக் கத்துக்கினீங்க. பசங்களுக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்துகினு கீறீங்க.”

அவ்வளவுதான். வாத்தியாரின் முகம் சிவந்துவிட்டது. சந்திரம்மா மகனின் தொடையைக் கிள்ளினாள். அவன் அசையவில்லை.

“இன்னாங்க, பஸ்ஸோ புஸ்ஸோ, ஓடுனா சரி. விடுங்களேன்!” என்று பார்வதம் கெஞ்சினாள்.

“நீ சும்மா கெட! பஸ் கம்பெனில வேல செய்றவனுக்கு பஸ்ஸுன்னு சொல்ல வரல. இவன் சீமையையே பாத்திருக்க மாட்டான். மெட்ராஸ்ல எங்கியோ ஸ்பேனர் புடிச்சிகினு இருந்துட்டு என் பொண்ணை ஏமாத்த வந்துகிறான்!” கோபம் வந்தால் வாத்தியாருக்கு இங்கிலீஷும் மறந்துபோகும், மரியாதையும் மறந்துபோகும்.

“டேய், பாஸ்போட்டை எடுத்துக் காட்டுடா!” என்று சந்திரம்மா பதறினாள். அவன் பையைத் தொடக்கூட இல்லை.

“ஒண்ணும் காட்ட வேணாம். உங்களுக்கு என் பொண்ணைக் குடுக்கறதா இல்ல. எழுந்து போங்க!”

அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வாத்தியார் மாப்பிள்ளையைத் துரத்திவிட்டார் என்று அம்மாவும் பிள்ளையும் தெருமுனை திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் சந்திரம்மா தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். திருப்போரூர் தாண்டியும் அவளுக்கு ஆறவில்லை. “பொண்ணு லட்சணமா கீதேடா! அந்தாளு சொல்ற மாதிரி ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருக்கலாம். புடிக்கலேன்னா நாமளாவது வேணான்னு சொல்லிட்டு எழுந்து வந்திருக்கலாம். இப்டி அவமானப்பட்டு வரணுமா?”

தர்மராஜ் பஸ் ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி சொன்னான்.

“எனக்குப் புடிச்சிதும்மா. அவங்கப்பாவே என்னைத் தொரத்தற மாதிரி பேசச் சொல்லிக் கெணத்தாண்ட அழுதது அந்தப் பொண்ணுதான்.”