காலி ரேடியோ

திரையில் ஒரு கிழவியிடம் ரேடியோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவுக்குள் ஒன்றும் கிடையாது, வெறும் மரப்பெட்டி. கோட்டு போட்டவன் குமிழைத் திருகுகிறான். ஜன்னலுக்கு வெளியே குத்தவைத்திருக்கும் அவன் கூட்டாளிப் பெண் பாடுகிறாள். கிழவி பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கண் கலங்குகிறாள்.

பஞ்ச காலத்து அமெரிக்கா. ஓட்டைக் காரில் ஊர் ஊராகப் போய் ஏமாற்றிப் பிழைக்கும் இரண்டு பேரின் கதை. பழைய படம்தான். மழை பொய்த்த அந்த வருடம் பூனாவின் ராணுவப் பகுதியான கேம்பில், ஒரு தியேட்டரில் மறுபடியும் மாட்னி போட்டிருந்தார்கள்.

அரங்கிலேயே அதிகமாகச் சிரித்தவன் வால்டர். பாம்பின் கால் பாம்பறியும்.

குமிழைத் திருகுவதற்கு முன்னால் கோட்டுக்காரன் ஒரு நொடி தலையைக் குனிந்துகொண்டான் பாருங்கள், அங்கே வால்டர் கைதட்டியே விட்டான். பொய் சொல்லுமுன் முகத்தைச் சரிசெய்துகொள்ள அந்த ஒரு நொடி வேண்டும். தொழில் தெரிந்தவனுக்குத்தான் அது புரியும்.

இடைவேளை விளக்கு எரிந்தது.

அவனுக்கு நேர் முன்வரிசையில் வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்த பெண், கைதட்டியது யார் என்று திரும்பினாள். எல்சி. பக்கத்துத் தாபோடியில் செத்துப்போன இன்பநாதனின் மனைவி.

வால்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். எழுந்து ஓடவும் வழியில்லை. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூனாவில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும். நடுவில் பெட்டி, சுற்றிலும் குடும்பம். சொந்தக்காரர்கள் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். ஊரில் இருப்பவர்களுக்கு அந்தப் போட்டோதான் கடைசி முகம்.

அதை எடுப்பவன் வால்டர். வேலை பார்த்த ஸ்டூடியோவை மூடிய பிறகும், ஃபிலிம் ரோல் கறுப்புச் சந்தைக்குப் போன பிறகும் அவன் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். ரோல் போடாமல். ஃபிளாஷ் பளிச்சென்று அடிக்கும், அட்வான்ஸ் கைக்கு வரும். கழுவும்போது கெட்டுப்போயிற்று என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். துக்க வீட்டில் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வான்.

எல்சி வீட்டுக்குப் போய் மட்டும் அதை இன்னும் சொல்லவில்லை. தாபோடிப் பக்கம் போவதையே விட்டிருந்தான்.

“அண்ணாச்சி, என்னைய இங்க பாத்ததா சபையில யாருட்டயும் சொல்லிராதிய.” எல்சி முந்தானையை இன்னும் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். “இந்தப் படம் திரும்ப வந்தா கூட்டிட்டுப் போறேன்னு அவிய சொல்லியிருந்தாவ. அதான் மனசு கேக்காம வந்துட்டேன். தப்புதான்.”

தப்பு என்று சொன்னாள், அதுவும் அவனிடம். வால்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“நான் எதுக்கும்மா சொல்லப்போறேன்? அந்த போட்டோ… அடுத்த வாரம்…”

“மெதுவா வரட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு ஒரு வாய் காப்பிகூட குடிக்காம ஓடுனிய, எவ்வளவு சோலியோ உங்களுக்கு. ஊர்ல எங்க அத்தைக்குக் கண்ணுல புரை. ஆபரேஷனே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னவிய, போட்டோவுல மவன் முகத்த ஒருக்க பாக்கணும்னு இப்ப ஒத்துக்கிட்டாவ.”

சொல்லிவிடலாம், இங்கேயே, இந்தக் கூட்டத்தில் காலில் விழுந்துவிடலாம் என்று வால்டருக்குத் தோன்றியது.

அதற்குள் எல்சி இன்னும் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நான் அழுத அழுகையில எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. கண்ண மூடுனா ஆஸ்பத்திரியில வலியோட கெடந்த முகந்தான் வருது. நீங்கதான் நேர நின்னு பாத்திய. கடைசியில அவிய முகம் எப்படி இருந்துச்சு, அண்ணாச்சி?”

வால்டர் ஒரு நொடி தலையைக் குனிந்துகொண்டான்.

“தூங்குத மாதிரிதாம்மா இருந்துச்சு. லேசா சிரிச்ச மாதிரி கூட.”

எல்சியின் முகம் மெல்லத் தெளிந்தது. “சிரிச்ச மாதிரியா?” என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினாள்.

விளக்கு அணைந்தது. கிழவி காலி ரேடியோவைத் துணியால் துடைத்து, அதன் தலைமேல் ஒரு பூச்செண்டை வைத்தாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. எல்சியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாலும், தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது.

வால்டர் சிரிக்கவில்லை. அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். பெட்டி ஓரத்து வெள்ளித் தாள் வந்தது. சாமந்தி மாலை வந்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள்கூட வந்தன. முகம் வரவில்லை.

வராது. ரோல் போடாத நாள்களில், கேமராவில் கண்ணை வைத்ததுமே அவன் இறுக மூடிக்கொள்வான். செத்தவர்களைப் பார்க்க வெட்கமாக இருக்கும்.

இன்பநாதனின் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.