ஸ்மராந்தாவின் கடைசிச் சீட்டு

"பொய்! பச்சைப் பொய்! சீட்டைத் திருப்புடி!" என்று ஹொராட்சியு மேசையைத் தட்டுகிறான். "கத்தாதேடா. பொய் இல்லேன்னா சீட்டுக்கட்டு மொத்தமும் உன் தலையில" என்கிறாள் ஸ்மராந்தா, அசையாமல். க்ளூஜ் நகரத்து மருத்துவ வகுப்பில் பாடத்தைத் திருப்பிப் பார்க்க இந்த ஆட்டம்: சீட்டைக் கவிழ்த்து வைத்து, அதிலுள்ள மூளைப் பகுதியையும் அதன் வேலையையும் சொல்லவேண்டும். புளுகலாம், மாட்டிக்கொள்ளக் கூடாது. முதலில் கை காலியானவருக்குத் திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு கிடையாது. அவள் கவிழ்த்திருப்பது கடைசிச் சீட்டு, "சிறுமூளை. நம்மைத் தள்ளாடாம நடக்க வைக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். சாய்வெயிலில் மேசையெங்கும் சூரியகாந்தி விதைத் தோல்கள் மின்னுகின்றன. வகுப்பே கொறிப்பதை நிறுத்திவிட்டது. "உன் கழுத்தைப் பாரு, தக்காளி மாதிரி! நரம்பே காட்டிக் குடுத்துடுச்சு" என்று, எல்லாத் தேர்விலும் முதலாக வருகிற மேதாவி ஹொராட்சியு இன்னும் நெருங்கிக் குனிகிறான். அவன் குனியக் குனியத்தான் அது சிவக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்; பின்வரிசைக்கும் தெரியும். ஒற்றை விரலால் சீட்டைத் திருப்புகிறாள். சிறுமூளைதான். சீட்டுக்கட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மிச்ச விதைகளைக் கொறிக்கத் தொடங்குகிறாள்.

அந்தக் கழுத்து ஏன் சிவந்தது என்று அவனுக்கு உறைக்க நான்கு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு கல்யாணம் முடித்து இருவரும் யாஷ் நகருக்குக் குடிபோனார்கள். அங்கே அவன் பெரிய நரம்பு மருத்துவனாம்!