பை பத்திரம்

திண்டுக்கல்லுக்கு வந்த வேலை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. எனக்கு ரயில் ஆறு மணிக்கு. அதற்குள் மலைக்கோட்டையைப் பார்த்துவிடலாம் என்று, ஸ்டேஷன் பெஞ்சின் காலோடு என் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

நாலாவது தடவையாகப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே வேட்டி கட்டிய ஒருவர்.

“ஏனுங்க, நான் நெய்க்காரப்பட்டிங்க. இந்தப் பையைச் செத்த பாத்துக்கங்க. டீ குடிச்சுட்டு வந்தர்றனுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. டீ குடிக்கவா இவ்வளவு நேரம்? பையில் இருப்பது கஞ்சாவா, வெடிகுண்டா? காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

போலீசிடம் சொன்னால், “உன்னை நம்பி ஏன்யா கொடுத்தான்?” என்று என்னைத்தான் பிடித்து உட்கார வைப்பார்கள். விட்டுவிட்டுப் போனாலும் கேமராவில் என் முகம்தான் இருக்கும்.

ஐந்தரைக்கு வந்தார். பையைத் திறந்து, மேலாக இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மலைக்கோட்டை ஏறுனனுங்க. என்னா காத்து! எறங்கி வந்து பிரியாணியும் சாப்பிட்டாச்சு. நீங்க எங்கயும் போகலீங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முன்னே பின்னே தெரியாத என்னை நம்பி எப்படிங்க பையை விட்டுட்டுப் போனீங்க?”

“பூட்டுன பூட்டை நாலு தடவை இழுத்துப் பாத்தீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டனுங்க. இவரு ஒருத்தரையும் நம்ப மாட்டாரு, பையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாருன்னு.”