பதினாறு டிகிரியில் ஒரு லேப்டாப்

தங்கா பத்து ஊரில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யூனுஸிடம் அன்று காலை ஒரு கிராக்கி தானாகவே வந்து மாட்டியது.

பெயர் சூசன். ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிற பெண்.

"என் லேப்டாப் மண்டையப் போட்டுருச்சு அங்கிள். நல்ல பவரான சாமானா வேணும். நாலு கேமராவுல எடுத்ததை ஒண்ணாப் போட்டு ஓட்டணும். சும்மா படம் பாக்குற லேப்டாப்லாம் தாங்காது."

யூனுஸின் கண் மூலையிலிருந்த கறுப்பு லேப்டாப் மேல் போனது. பார்வைக்கு ராஜா. உள்ளே சங்கதி வேறு. யாரோ ஒரு புண்ணியவான் இரவு பகலாக கேம் ஆடி அதைச் சக்கையாகப் பிழிந்திருந்தான். வீட்டில் வைத்து ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் கொதித்து, பொசுக்கென்று அணைந்துவிடும். ஆசைப்பட்டு வாங்கித் தொலைத்த நாளிலிருந்து, அதை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டுமென்று தவித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். கடையைக் குளிரூட்டும் ஏர்கோனைப் பதினாறு டிகிரியில் வைத்துவிட்டால் போதும், அந்த லேப்டாப் சமர்த்தாக ஓடும். வாங்கிக்கொண்டு போனபின் எக்கேடு கெட்டால் அவருக்கென்ன?

"இது பாகுஸ் சாமான்மா, ரொம்ப நல்ல சாமான். நம்பலேன்னா ஒன் வேலையையே போட்டு ஓட்டிப் பாரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் டெஸ்ட் பண்ணு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்லா."

"உண்மையாவா அங்கிள்? அப்படி ஓட்டிப் பாத்தாத்தான் எனக்கும் மனசு ஒப்பும்."

சூசன் பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சொருகினாள். 'பாவம், அப்பாவிப் பொண்ணு' என்று நினைத்துக்கொண்டே யூனுஸ் ரிமோட்டை எடுத்தார்.

சாயங்காலம் வரை லேப்டாப் மக்கர் பண்ணவில்லை. சூசனும் லேசில் மசியவில்லை.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா ஒரு நாள்ல எப்படி நம்புறது? நாளைக்கும் வந்து பாக்குறேன் அங்கிள்."

மறுநாள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க வந்தாள். யூனுஸ் அலுத்துக்கொள்ளவே இல்லை. "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டு ரொட்டி சானாய் வரவழைத்தார். வேளை தவறாமல் நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் டீ கொடுத்தார். மற்ற வாடிக்கையாளர்கள் குளிர் தாங்காமல் ஓடியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. திரையில் என்ன ஓடுகிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாரா? ம்ஹூம். கண்ணெல்லாம் ரிமோட்டிலேயே இருந்தது.

நடுநடுவே மனைவி பஷீரா போனில் நச்சரித்தாள். "என்னங்க, நம்ம மவன் அஃப்னான் கல்யாண வீடியோ இன்னும் வரல. அந்த ஸ்டூடியோக்காரன் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறான். நீங்க ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"இருலா, இங்க ஒரு பெரிய மீன் மாட்டியிருக்கு" என்று போனை வைத்தார் யூனுஸ்.

சனிக்கிழமை, சூசன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு லேப்டாப்பை மூடினாள்.

"சாரி அங்கிள். கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. எனக்குச் சரிப்படாது. தே தாரிக் மட்டும் சூப்பர்."

அவள் போனதும் யூனுஸ் பதறிப்போய் பட்டனை அமுக்கினார். மூச்சுப் பேச்சில்லை. ஒரு வாரம் வறுத்தெடுத்ததில் அது ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் பஷீரா வாயெல்லாம் பல்லாக அவரை டிவி முன்னால் இழுத்து உட்கார வைத்தாள். வீடியோ வந்துவிட்டது! மாப்பிள்ளை சிரித்தான், பெண் வெட்கப்பட்டாள், யூனுஸ் பிரியாணியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து முழித்தார்.

"எவ்வளவு அழகா எடிட் பண்ணியிருக்காங்க பாருங்க!" என்று பூரித்துப்போனாள் பஷீரா.

படம் முடிந்து எழுத்து ஓடியது: 'எடிட்டிங்: சூசன். லேப்டாப், பதினாறு டிகிரி ஏர்கோன், தே தாரிக் உபயம்: மாப்பிள்ளையின் தகப்பனார்.'