பக்கத்து ஆள்

“பக்கத்து ஆள் வந்தாச்சா?”

லேலோ தலை எண்ணுகிற கைடு இல்லை. எண்ணினால் தப்பிவிடும், யாராவது குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்பாள். ஒவ்வொரு வரிசையாக வந்து இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பாள். ஆஸ்லோவிலும் இப்படித்தான், ஸ்டாக்ஹோமிலும் ஹெல்சிங்கியிலும் இப்படித்தான். ஒன்பது நாளில் ஒரு ஆளைக்கூட அவள் விட்டுவிட்டு வந்ததில்லை.

இன்று தாலின், கடைசி ஊர். இன்னும் ஒரு மணி நேரத்தில் பேருந்தோடு கப்பலில் ஏற வேண்டும். விடிந்தால் ஸ்வீடன், அவரவர் வீடு.

குன்வோருக்கு எழுபத்தெட்டு வயது. ஒன்பதாவது வரிசை. பக்கத்து இருக்கை காலி.

“வந்தாச்சு. பஸ்ஸுக்குள்ளதான், பின்னாடி பாத்ரூம் போயிருக்கார்,” என்றாள்.

வாய் கூசவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

லேலோ தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். ஐம்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் புருஷன் விஷயத்தில் பொய் சொல்வாள் என்று யார் நினைப்பார்கள்? டிரைவர் கதவைச் சாத்தினார். பேருந்து நகர்ந்தது.

ஏவால்ட் பாத்ரூமில் இல்லை. ஊர்ச் சதுக்கத்து மூலையில் ஒரு காபிக் கடையில், ஜன்னலோரம், இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இங்கேயே இருங்க, இதோ வந்துடறேன் என்று கை ஜாடையில் சொல்லி குன்வோர்தான் உட்கார வைத்தாள். அவர் கழுத்தில் தொங்கிய பயணக் குழு அட்டையைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

ஈவு இரக்கம் இல்லாதவள் என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறு வருஷமாக அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, ராத்திரியெல்லாம் அவர் தெருவில் இறங்கிவிடாமல் வாசற்கதவைக் காத்தவள் அவள். போன மாதம் அவளைத் திருடி என்று நினைத்து அவர் பிடித்துத் தள்ளியதில் மணிக்கட்டு பிசகிவிட்டது. இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை. முதியோர் இல்லத்தில் கேட்டால் இடம் வரும்போது சொல்கிறோம் என்கிறார்கள். பிள்ளை குட்டியும் கிடையாது.

மறதி நோய் அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஸ்வீடிஷ் பேச்சையும் பிடுங்கிக்கொண்டது. ஐந்து வயதில், யுத்த காலத்தில், இதே தாலினிலிருந்து அம்மாவோடு படகேறி ஸ்வீடனுக்குப் போனவர் அவர். அந்தப் பிள்ளைப் பருவத்துப் பாஷை மட்டும்தான் மிச்சம். அதில் குன்வோருக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள் பெயர் அவர் வாயில் வந்தே இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்குள் நுழைந்துவிட்ட யாரோ ஒரு பொம்பளையைப் பார்க்கிற மாதிரித்தான் அவளைப் பார்ப்பார்.

இன்று காலை அந்தக் காபிக் கடைக்காரி அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் சிரித்தாள், இவரும் சிரித்தார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரிப் பேசிக்கொண்டே இருந்தார். குன்வோருக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இந்த ஊரில் இவருக்குப் பேச ஆள் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா? என்னைத்தான் அடையாளமே தெரியவில்லையே, நான் போனால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? காலையில் சும்மா தோன்றியதுதான். மத்தியானத்துக்குள் அது முடிவாகிவிட்டது.

வெளியே மழையும் பனியுமாக நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. பேருந்து கோட்டைச் சுவரைத் தாண்டி சிக்னலில் நின்றது. கப்பலில் சாப்பாட்டுக்கு ஹெர்ரிங் மீன் உண்டா என்று முன்வரிசையில் யாரோ விசாரித்தார்கள். பின்சீட்டு பிர்கித்தா எட்டிப் பார்த்து, உங்க வீட்டுக்காரர் உள்ளேயே தூங்கிட்டாரா அக்கா என்று கேலி செய்தாள். குன்வோரும் சிரித்து வைத்தாள்.

இன்றைக்கு ராத்திரி முழுசாகத் தூங்கலாம் என்று நினைத்தாள். அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது.

லேலோவின் போன் அடித்தது.

லேலோவும் தாலின்காரிதான். எடுத்ததும் தன் ஊர்ப் பாஷையில் படபடவென்று பேசினாள். அப்புறம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு டிரைவரிடம் குனிந்து என்னவோ சொன்னாள். பேருந்து ஓரங்கட்டி நின்றது.

நேராக ஒன்பதாவது வரிசைக்கு வந்து அந்தக் காலி இருக்கையில் உட்கார்ந்தாள். கத்தப் போகிறாள் என்று குன்வோர் பயந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

மற்றவர்கள் காதில் விழாமல்தான் லேலோ சொன்னாள். ஏவால்ட் மாதிரி ஆட்களின் கோட்டுப் பைக்குள் தன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைச் சொல்லாமல் போட்டுவைப்பது அவள் வழக்கமாம். காபிக் கடைக்காரி அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். போலீஸ்காரர் ஒருவரும் வந்திருக்கிறாராம். வாங்க, கொண்டுபோய் விடுகிறோம் என்று எல்லோரும் கூப்பிட்டாலும் ஏவால்ட் அசைய மாட்டேன் என்கிறாராம். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிறாராம்.

“எதுக்கு அழறார்?” என்றாள் குன்வோர்.

லேலோ அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“‘இங்கேயே உட்காரு, இதோ வந்துடறேன்னு என் குன்வோர் சொல்லிட்டுப் போயிருக்கா. நான் எழுந்து போயிட்டா அவ என்னை எங்கேன்னு தேடுவா? யார்கிட்ட கேப்பா? பாவம், அவளுக்கு இந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது’ங்கிறார்.”