பதினோரு புத்தக ஸ்டூல்

"கையை எடும்மா! மொதல்ல அந்த மிஷினை நிறுத்து!"

சக்கரபாணி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

கலையரசி டிரில்லிங் மிஷினை அணைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முன்னால் ஏழெட்டுத் தடித்தடிப் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நட்டநடுவில் ஓட்டை.

"என்ன சார் வேணும்?"

"என்ன வேணுமா? வயிறு எரியுதும்மா எனக்கு! புத்தகத்துல ஓட்டை போடுறியே, கை கூசலை உனக்கு?"

எரியாதா பின்னே? விழுப்புரத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடைக்கு முதலாளி என்பதெல்லாம் ஊருக்கு. உள்ளுக்குள் சக்கரபாணி ஒரு புத்தகப் பைத்தியம். கல்லாவுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி அலமாரி போட்டு ஆயிரம் புத்தகம் அடுக்கி வைத்திருக்கும் மனுஷர். அவருக்குப் போய் யாரோ புண்ணியவான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவைத் தட்டிவிட்டான். திண்டிவனத்தில் ஒரு பெண் பழைய புத்தகத்தில் கடிகாரம் செய்கிறாள், விளக்கு செய்கிறாள், ஸ்டூலும் செய்கிறாள்.

ஸ்டூல்! சரஸ்வதி மேல் ஏறி உட்காருவதா? தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்துவிட்டார்.

கலையரசி பொறுமையாகத்தான் சொன்னாள். "எல்லாம் உதவாக்கரை சார். போன புயல் மழையில ஊறிப் போனது, கரையான் அரிச்சது, பாடத்திட்டம் மாறிப்போன கைடு. எடைக்குப் போட்டாக்கூட வாங்க மாட்டேங்குறாங்க. படிக்கிற மாதிரி ஒண்ணு வந்துச்சுன்னா தனியா எடுத்து வச்சுடுவேன்."

"உடம்பு முடியாத மனுஷன்னா அவன் மேல ஏறி உட்காருவியா?"

கலையரசி ஓட்டையைச் சுற்றிக் கிடந்த காகிதத் தூளை ஊதித் தள்ளினாள்.

சுவரோரமாகப் பதினோரு ஸ்டூல்கள் வரிசையாக நின்றன. நடுவில் இரும்புக் கம்பி விட்டு, மேலேயும் கீழேயும் நட்டுப் போட்டு முடுக்கி, வார்னிஷ் அடித்திருந்தாள். எல்லாமே ஒன்றேகால் அடி உயரம்தான். எட்ட நின்று பார்த்தால் யாரோ புத்தகத்தை அடுக்கி வைத்த மாதிரிதான் இருந்தது. சக்கரபாணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இதெல்லாம் யாருக்கு?"

"ஆர்டருங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போயிடுவாங்க."

"ஒருத்தரும் எடுக்கக் கூடாது. மொத்தத்தையும் நானே வாங்கிக்கிறேன். ரெண்டு மடங்கு தர்றேன். ஜல்தியா நட்டைக் கழட்டு."

"பத்து மடங்கு குடுத்தாலும் முடியாது சார். வாக்கு குடுத்துட்டேன். அந்தப் பொண்ணுங்க பாவம்."

"எந்தப் பொண்ணுங்க?"

"விழுப்புரத்துல ஒரு ஜவுளிக்கடையில சேலை எடுத்துக் காட்டுற பொண்ணுங்க. காலையில ஒம்போதுக்கு நின்னா ராத்திரி ஒம்போது வரைக்கும் நின்னுக்கினே இருக்கணுமாம். அதுல இளவரசின்னு ஒரு பொண்ணுக்கு நரம்பு சுருட்டிக்கினு கால் பானை மாதிரி வீங்கிப் போச்சு. மணிக்கு ஒரு வாட்டி பத்து நிமிஷமாவது உட்காரலைன்னா ஆபரேஷன்தான்னு முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில டாக்டர் சொல்லிட்டாராம். அதான் பதினோரு பேரும் கைக்காசு போட்டு செய்யச் சொல்லியிருக்காங்க. கவுன்ட்டருக்குப் பின்னால போட்டுக்குவாங்களாம்."

சக்கரபாணிக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. அவன்தான்! எதிர்த்த வரிசையில் போன வருஷம் கடை திறந்த கோகுலகிருஷ்ணன். காலண்டரைத் தவிர எதையும் படிக்காத ஜென்மம். அவன் கடையில்தான் இந்த மாதிரி அக்கிரமமெல்லாம் நடக்கும்.

"எந்தக் கடைம்மா? பேரை மட்டும் சொல்லு. நூறு பேரைக் கூட்டிக்கினு போய் அவன் வாசல்லயே நின்னு நாறடிச்சுடறேன்!"

"ஐயையோ, வேணாம் சார். பொண்ணுங்களுக்கு வேலை போயிடும்."

"நின்னு வேலை பாக்குறவங்களுக்கு உட்கார எடம் குடுக்கணும்னு சட்டமே இருக்கும்மா! அவன்லாம் ஒரு முதலாளியா? மனுஷன்தானா அவன்?"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

"சரி. அவன் அநியாயம் பண்றான்னு புத்தகத்து மேல உட்காரலாமா? இருநூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் ஸ்டூல் தெருவுக்குத் தெரு கிடைக்குது. அதை வாங்கிப் போட்டுக்கினா ஆகாதா? சரஸ்வதி மேல உட்கார்ந்தாத்தான் கால் வலி போகுமா?"

இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த கலையரசிக்கு இப்போதுதான் சுருக்கென்று கோபம் வந்தது.

"வாங்காமலா சார் இருந்தாங்க? மூணு வாட்டி வாங்கி வச்சாங்க. மூணு வாட்டியும் அவங்க முதலாளி எட்டி உதைச்சு உடைச்சுட்டாரு. அப்புறம்தான் அந்த இளவரசி பொண்ணு காலை இழுத்துக்கினு எங்கிட்ட வந்து அழுதுச்சு. 'அக்கா, புத்தகத்துலயே செஞ்சு குடுங்க. எங்க முதலாளிக்குப் புத்தகம்னா உசுரு. கீழ விழுந்த பில்லு கால்ல பட்டாக்கூட எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவாரு. அதை மட்டும் அவர் உதைக்க மாட்டாருக்கா'ன்னு."